ஓடினால்தான் குளிரும்

சுனாமிக்கு அடுத்த நாள் காலை தங்கச்சியின் உடல் கல்லடிக் கடற்கரையில் கிடைத்தது. "இண்டைக்கே புதைச்சிருங்க, வெயில் தாங்காது" என்றார்கள் ஆஸ்பத்திரியில். அம்மா கிரான் ஊருக்கு அப்பால் வட்டைக்குள், எங்கள் வயலில் இருந்தாள். கடல் வருவதற்கு முன்பே மழைவெள்ளம் அந்தப் பாதையை மூடியிருந்தது. தோணியில் ஆள் அனுப்பினோம். அம்மா முகம் பார்க்காமல் அவளை மண்ணில் வைக்க விடமாட்டேன் என்று நின்றேன். அம்மாவின் தம்பி, என் மாமா, அதை விசர்ப் பிடிவாதம் என்றார். இருக்கட்டும்.

நான் கராஜில் வாகன ஏசி திருத்துகிறவன். முதலாளியின் வானைக் கேட்டேன். சாவியைத் தந்தார். பின்சீட்டுகளைக் கழற்றி அவளைக் கிடத்தினோம்.

ஏசி குளிரை உண்டாக்குகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குழாய்க்குள் ஓடும் வாயு உள்ளே இருக்கும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்பிரசர் அதை அமுக்கி வானின் முன்பக்கம் அனுப்புகிறது. அங்கே காற்றுப் பட்டுச் சூடு வெளியேற, வாயு திரவமாகித் திரும்பவும் உள்ளே வந்து விரிந்து குளிர்கிறது. அந்தக் காற்றுக்கென்று ஒரு விசிறி உண்டு. இந்த வானில் அது எரிந்துபோயிருந்தது. வேறு வாங்க ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. நின்றால் குளிராது. ஓடினால் காற்றுப் படும்.

ஓட்டினேன். மாமா பக்கத்துச் சீட்டில் இருந்தார். வெள்ளத்தின் விளிம்புவரை போய், தோணி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்புவேன். கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு மறுபடி போவேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் முதல்தரம் கதவைத் திறக்கச் சொன்னான். உள்ளே பார்த்தவன் தானே மூடினான். பிறகு எங்களைக் கண்டதும் தடையைத் தூக்கிவிட்டான்.

எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. கம்பிரசர் பிடிக்கிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் அழு மனே" என்றார் மாமா.

"தோணி வருமட்டும் டீசல் காணுமா எண்டு பாருங்க மாமா" என்றேன்.

பின்னேரம் தோணி வந்தது. இடுப்புவரை நனைந்திருந்த அம்மா வானுக்குள் ஏறினாள். தங்கச்சியின் கன்னத்தைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன மனே, புள்ள இப்படிக் குளிர்ந்து கிடக்காள். அத நிப்பாட்டு. அவளுக்குச் சளி புடிக்கும்."

நிறுத்தினேன். அம்மா அவளுடைய கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துச் சூடேறத் தேய்க்கத் தொடங்கினாள். மாமா தடுக்கப் போனார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.