அப்பா செய்யாத பாவம்

ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் ஆயுத பூஜைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் தகர ஷீட்தானே. யாரோ ஆசைப்பட்டுப் பச்சைத் தென்னங்கீற்று இறக்கியிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே "அல்லேலூயா" என்று முணுமுணுத்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் ஒரு மாதிரி பார்த்தாள். ஆயுத பூஜைப் பந்தலைப் பார்த்து அல்லேலூயா சொன்னால் வேறு எப்படிப் பார்ப்பாளாம்!

எனக்குக் கீற்று வாசனை என்றால் கன்வென்ஷன்தான், சபையின் வருஷாந்திர ஜெபக் கூட்டம். தொண்ணூற்றொன்றில் வடக்குப்பட்டு ஏரிக்கரையோரம் எங்கள் சபை பந்தல் போட்டது. நான் அப்போதுதான் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங்குக்குச் சேர்ந்திருந்தேன். தலைமுடியெல்லாம் வெனிலா மணக்கும். ஜெபத்தில் கண்ணை மூடினால் பக்கத்துப் பிள்ளைகள் என்னை மோப்பம் பிடிப்பார்கள்.

எங்கள் சபையில் மேடையேறிச் சாட்சி சொல்வது பெரிய விஷயம். எப்பேர்ப்பட்ட பாவியாக இருந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கியெடுத்தார் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஞானஸ்நானம். பென்னலூரிலிருந்து வரும் ஒரு அண்ணன் பழைய ரவுடி. அவர் வெட்டிய ஆட்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும். நாங்களும் வாயைப் பிளந்து கேட்போம்.

அப்பா பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுபவர். பீடி கிடையாது, சாராயம் கிடையாது. கோபம் வந்தால் மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்துகொள்வார். பாஸ்டர் நியாயமாகத்தான் கேட்டார்: "ரட்சிக்கப்பட்டேன்னு சொல்றீங்க பிரதர், சந்தோஷம். எதுலேர்ந்து?" அப்பா யோசித்து யோசித்துப் பார்த்தார், பாவம். ஒன்றும் அகப்படவில்லை.

அது கடைசியில் என் கல்யாணத்தில் வந்து நின்றது. வாலாஜாபாத்தில் எனக்கு ஒரு வரன். மாப்பிள்ளையை எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது, மறைப்பானேன். மாப்பிள்ளையின் அம்மாதான், "பொண்ணோட அப்பா மொதல்ல ஞானஸ்நானம் எடுக்கட்டும், அப்பறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். கன்வென்ஷனுக்கும் குடும்பத்தோடு வந்து, பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

அப்பா மைக்கைப் பிடித்தார். "நான் பெரிய குடிகாரன்" என்றார். "ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம். அதுவரை அவர் பேசி நாலு பேர் நின்று கேட்டதில்லை. அந்தச் சத்தம் ருசித்துவிட்டது போலிருக்கிறது. "தெனமும் குடிச்சிட்டு வந்து என் சம்சாரத்த அடிப்பேன். ஒரு தபா பல்லே ஒடஞ்சி போச்சு!"

"அல்லேலூயா!"

அம்மா விருட்டென்று எழுந்தாள். "இன்னாய்யா சொல்ற? நீ என்னிக்கு என்ன அடிச்ச? இந்தப் பல்லு முறுக்கு கடிச்சி ஒடஞ்சதுய்யா!"

என் கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாஸ்டர் லேசுப்பட்டவரா? "சபையாரே! பிரதர் தேவ சமூகத்துல பொய் சொல்லிட்டாரு. இதோ பாவம்! இப்ப மனந்திரும்பட்டும்!" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். அப்பா அங்கேயே முழங்கால் போட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். அதில் துளி நடிப்பில்லை. அடுத்த ஞாயிறே ஏரியில் முழுக்கு ஞானஸ்நானம்.

கூட்டம் கலையும்போது மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தார். "குடிகாரன் மொகம் எனக்குத் தெரியாதா? இருவது வருசமா பாத்துகினு கீறேன். ஒங்கப்பன் மொகம் அது இல்லம்மா" என்று என் கன்னத்தைத் தடவினார். ஆண்கள் பக்கம் எல்லோரையும்விட உரக்க அல்லேலூயா சொல்லிக்கொண்டிருந்தவர்தான் என் வருங்கால மாமனார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஏரிக்கரை மைதானத்தில் இப்போது புதுக் கார்கள் வரிசையாக வெயில் காய்கின்றன. சபை ஏசி ஹாலுக்குப் போய்விட்டது. அம்மா போனாள், பின்னாலேயே அப்பாவும் போனார். அப்பாவின் அடக்க ஆராதனையில் புதுப் பாஸ்டர், சின்னப் பையன், பழைய ஆட்களிடம் விசாரித்து வைத்துக்கொண்டு உருக்கமாகப் பேசினார். "ஒரு காலத்துல ஐயா பெரிய குடிகாரர். மனைவிய பல்லு ஒடைய அடிச்சவர். அவரையே ஆண்டவர் தூக்கியெடுத்தாரு!"

சபை முழுக்க "அல்லேலூயா" என்றது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த நான் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். விருட்டென்று எழுந்து நிற்க அம்மா இல்லை.