சாமிக்குக் காட்டிய கண் சீட்டு

அக்காவின் கண் ஆஸ்பத்திரிச் சீட்டை ஒரு சாமியாரிடம் காட்டினேன். சாமியார் கைப்பேசிக்குள் இருந்தார். நேரலை. நாம் அவரைப் பார்க்கலாம், அவர் நம்மைப் பார்க்க முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சீட்டைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அது தலைகீழாக இருப்பது கண்ணில் பட்டதும், வாசிக்கச் சிரமப்படுவாரே என்று திருப்பியும் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சாமியார்களைக் கிண்டல் செய்து இரண்டு கட்டுரை எழுதியவன், ஐம்பத்து மூன்றாவது வயதில் செய்த காரியம் இது.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ரப்பர் எஸ்டேட்டில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவள். அத்தான் போன பிறகு புக்கிட் செலம்பாவில் தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் ஜொகூர் பக்கம். நான் சுங்கைப் பட்டாணியில், இருபது நிமிட தூரத்தில் இருக்கிறேன். இருபது நிமிடம் எவ்வளவு தூரம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் கிட்டத்தட்ட மூடிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்குள் அவள் அந்தச் சாமியாரின் நாற்பத்தெட்டு நாள் கண்ணொளி விரதத்தில் சேர்ந்துவிட்டாள். பதிவுக் காணிக்கை இருநூற்று நாற்பத்தெட்டு மலேசிய வெள்ளி. தினமும் காலை எட்டு மணிக்குக் கைப்பேசி முன்னால் ஒரு விளக்கு, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து உட்கார வேண்டும். முடிந்ததும் தண்ணீரைக் குடிக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காணிக்கையும் முதலிலிருந்துதான். இந்த விதியை வகுத்தவர் வேதம் படித்தாரோ இல்லையோ, வியாபாரம் படித்திருக்கிறார்.

நானும் ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மூன்று சுற்று உருத்திராட்சம், கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் சுழலும் பல வண்ண விளக்கு. குரல் நல்ல குரல்.

ஆப்பரேஷன் நாள் விரதத்தின் நாற்பத்தோராவது நாளில் விழுந்தது. அக்கா ஆப்பரேஷனைத் தள்ளிப் போடச் சொன்னாள்.

"அடுத்த தேதி கெடைக்க ஆறு மாசம் ஆகும்க்கா."

"ஆவட்டும். இத்தன நாள் இருந்துட்டு நாப்பத்தொண்ணுல விட்டா எல்லாம் போச்சுடா."

"அதுக்குள்ள கண்ணு போயிடும். இப்பவே மோட்டார் சைக்கிள்ல எப்படித்தான் பசாருக்குக் காய் வாங்கப் போறியோ."

"எதுக்க வர்றவன் பாத்துக்குவான் லா."

நான் பிரசங்கம் செய்தேன். நம்பிக்கையை முதலாக்கிப் பணம் பண்ணுகிறவர்களைப் பற்றி என்னிடம் இருந்த இரண்டு கட்டுரையையும் ஒப்பித்தேன். அக்கா முழுவதும் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு உன் எழுத்த படிச்சுக் காட்டுச்சு. நல்லாத்தான் எழுதியிருந்த. ஆனா இவரு தெனமும் வந்ததும் மொத வார்த்த, 'அம்மா, சாப்பிட்டீங்களா'ன்னு கேக்குறாரு. நீ கடைசியா எப்பக் கேட்ட?"

யோசித்துப் பார்த்தேன். தீபாவளிக்குக் கேட்டிருக்கிறேன். அதுவும் அவள் சாப்பிட்டாளா என்று இல்லை, எனக்குச் சாப்பாடு இருக்கிறதா என்று.

சாமியார் பணம் பறிக்கிறார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அக்காவிடம் அவர் விற்ற சரக்குக்கு நான் கடையே திறந்ததில்லை. அன்றைக்கு என் வாதம் அத்தோடு படுத்துவிட்டது.

பிறகு ஒரு சாஸ்திரத்தை நானே உண்டாக்கினேன். "அத்தானுக்குத் தைப்பூசத்தப்ப காச்சல் வந்து படுத்தாரே, அவரு தம்பி காப்ப மாத்திக் கட்டிக்கிட்டு காவடி எடுக்கலையா? அந்த மாதிரி உனக்குப் பதிலா நான் உக்கார்றேன்."

"சாமி ஒத்துக்கணுமே. கேளு."

திரையில் ஓடும் எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் குரல். விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அதுக்குப் பிரதிநிதி சேவை இருக்கு அங்கிள். ஒரு நாளைக்கு அம்பத்தோரு வெள்ளி. ரெண்டு நாள்னா தொண்ணூறு."

நான் கண்டுபிடித்த சாஸ்திரம் ஏற்கெனவே விலைப்பட்டியலில் இருந்தது. ஒரு நாளைக்குக் கட்டினேன். அந்தப் பெண் போனை வைக்கும் முன், "அம்மாவுக்கு ஆப்பரேஷன் நல்லபடியா முடியும் அங்கிள், பயப்படாதீங்க" என்றாள். அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை.

ஆப்பரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் அக்கா விரதத்துக்காகத் தன் கையில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்து என் மணிக்கட்டில் கட்டினாள். "வெளக்கு மட்டும் அணையக் கூடாதுடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த இடத்தில் கைப்பேசி, விளக்கு, பழம், தண்ணீர் எல்லாவற்றையும் அடுக்கி விளக்கை ஏற்றினேன். எட்டு மணிக்குச் சாமியார் வந்தார்.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சாமி," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். காவலாளி கண்ணாடியைத் தட்டினார். வயதான மலாய்க்காரர். விளக்கைக் காட்டி, "இன்சிக், சினி தா போலே பாசாங் அப்பி," என்றார். இங்கே நெருப்பு ஏற்றக் கூடாதாம். அக்காவுக்காகப் பிரார்த்தனை என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துச் சாமியாரைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"டோவா போலே. அப்பி தா போலே."

தொழுவதற்குத் தடையில்லை, நெருப்புதான் கூடாது என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். விளக்கை அணைத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் அக்கா சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. உள்ளே அக்காவின் கண்ணில் கத்தி வைத்துக்கொண்டிருப்பார்கள். நானோ அவள் விளக்கை ஊதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் ஒரு வரிகூட அந்த நேரத்தில் துணைக்கு வரவில்லை. காரின் உள்விளக்கைப் போட்டேன். சாமியார், "உங்கள் குறையை என் முன்னால் வையுங்கள்" என்றார். வைத்தேன். அந்தச் சீட்டு விவகாரம் அப்போது நடந்ததுதான்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், வலது கண்ணில் மூடியோடு பக்கத்தில் இருந்தவளிடம் விளக்கை அணைத்ததைச் சொன்னேன். சீட்டைத் தூக்கிப் பிடித்ததையும் சொல்லிவிட்டேன். புக்கிட் செலம்பாவ் சந்திப்பு வந்ததும் அக்கா கேட்டாள்.

"உள்ள லைட்டு போட்டேல்ல?"

"போட்டேன்க்கா."

"போதும் லா."

மீதி ஏழு நாளும் அக்காவே உட்கார்ந்தாள். நான் தினமும் எட்டு மணிக்கு முன்பே போய், சாமியார் கேட்பதற்குள் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். இலவசமாகத்தான் கேட்டேன். அக்கா எங்கள் இருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னாள்.

நாற்பத்தெட்டாவது நாள். கண் மூடியை எடுத்தாகிவிட்டது. அக்கா கைப்பேசியைக் கையில் எடுத்து, தூரத்தில் வைத்தும் பக்கத்தில் வைத்தும் பார்த்தாள்.

"இவருதான் சாமியா?"

"இவருதான்."

"கண்ணாடி போட்டிருக்காரே."

"ஆமாக்கா."

"மொத நாள்லேருந்தேவா?"

"மொத நாள்லேருந்தேதான்க்கா."

அக்கா டம்ளர் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். விரதம் விரதம்தானே. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் கண்ணு தெரியாதவ. நீ என்னத்தடா பாத்துக்கிட்டு இருந்த?"