கத்தாத ஃபுல் பேக்

எட்வர்ட் ஆடுவதை முதல்முறை பார்ப்பவர்களுக்கு எரிச்சல்தான் வரும். பந்தோடு வருகிறவனை விட்டுவிட்டு, ஆளே இல்லாத இடத்துக்குச் சாவகாசமாக நடந்துபோவான். "இன்னாடா, வாக்கிங் போறியா?" என்று நானே திட்டியிருக்கிறேன். அடுத்த நொடி பந்து அங்கேதான் வரும். எடுத்து எனக்குத் தள்ளிவிட்டு மறுபடி நடப்பான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி செய்யும் ஒரு ரோலிங் மில். அதில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. ஹாக்கி டீமில் லெஃப்ட் ஹாஃப், அதாவது எட்வர்டுக்கு முன்னால் நின்று ஓடியே சாகிறவன். அவன் கோலுக்கு முன்னால் கடைசித் தடுப்பாக நிற்கும் ஃபுல் பேக். எங்கள் மைதானம் முழுக்கச் சரளைக்கல், இன்றைக்கு அங்கே லாரிகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மில்லில் எட்வர்டுக்கு, கம்பிக் கட்டுகளில் சங்கிலி மாட்டி மேலே கிரேன் ஓட்டுகிறவருக்குக் கை காட்டும் வேலை. அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது, கைதான் பேச்சு. முஷ்டி மூடினால் நில், உள்ளங்கை விரிந்தால் மெதுவாக இறக்கு. தொண்டை கிழியக் கத்தினால் மட்டும் காதில் விழும். அதனால் மில்லில் யாரும் விளையாட்டுக்குக்கூடக் கத்தமாட்டோம். கத்தல் கேட்டால் ஒரே அர்த்தம்தான்: லோடு நழுவுகிறது, ஓடு. ஏன், எங்கே என்று திரும்பிப் பார்க்கக் கூடாது.

அந்தப் பழக்கம் மைதானத்துக்கும் வந்துவிட்டது. எட்வர்ட் முதுகுக்குப் பின்னால் கையை அசைப்பான், நாங்கள் இடம் மாறுவோம். மணவாள நகர் டீம் எங்களை 'ஊமை டீம்' என்று கிண்டல் செய்யும். செய்யட்டும், எங்களைத் தாண்டி கோல் போடுவதற்குள் அவர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

2003-இல் சென்னையிலிருந்து பூவராகவன் சார் வந்தார். ஒரு பேங்க் டீமின் கோச். அவர் ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் பேங்கிலேயே நிரந்தர வேலை. எட்வர்டுக்கு இருபத்துமூன்று வயது, மில்லில் காண்டிராக்ட். அவன் அம்மா ரோசம்மாள் வயல் வேலையை விட்டுவிட்டு ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் செய்துகொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

முதல் ஞாயிறு எங்கள் மேட்சைப் பார்த்துவிட்டு, "அந்தப் பையன் ஒண்ணுமே பண்ணலையே" என்றார் சார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஒண்ணும் பண்ண வேண்டிய அவசியம் வராம பார்த்துக்கிறான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு தன் பேங்க் பையன்களையே கூட்டிவந்தார். அவர்களோடு எட்வர்டைச் சேர்த்துவிட்டார். அவர்கள் கோல்கீப்பர் வராததால் எங்கள் கோல்கீப்பர் சின்னதுரை, மில்லில் எட்வர்டோடு சங்கிலி மாட்டுகிறவன், அங்கே நின்றான். எதிரே நானும் மில் ஆட்களும், கூட இரண்டு பேங்க் பையன்கள்.

எட்வர்ட் வழக்கம்போல முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கை காட்டினான். பேங்க் பையன்களுக்கு அது என்ன தெரியும்? அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, எங்களுக்கு ஒரு கோல், பின்னாலேயே இன்னொன்று.

சார் விசிலடித்தார். "நீ பார்த்தது சரி தம்பி. யாருக்குச் சொன்ன? வாயைத் தொற."

"கை காட்டினேனே சார்."

"மேட்ச்ல எவன் உன் கையப் பார்த்துக்கினு இருப்பான்? கத்து!"

அடுத்த முறை நாங்கள் பந்தோடு போனபோது எட்வர்ட் கண்ணை இறுக்கிக்கொண்டு கத்தினான். "ஹோய்!"

சின்னதுரை கோலை விட்டு ஓடினான். காலில் கட்டிய பேடோடு தத்தித் தத்தி, கம்பத்தைத் தாண்டி ரோடு வரைக்கும். அவன் மட்டுமா? மில் ஆட்கள் நாங்கள் அத்தனை பேரும் மட்டையைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் ஓடினோம். எங்கள் பக்கம் ஆடிய பேங்க் பையன் ஒருவன் மட்டும் ஓடாமல் நின்று பந்தைத் தட்டிவிட, அது காலி கோலுக்குள் உருண்டது.

சென்னைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எட்வர்ட் மட்டும் சிரிக்காமல் சின்னதுரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காரணத்தைக் கேட்டுக்கொண்ட சார் எட்வர்டின் தோளில் கை போட்டார். "இப்படி ஒரு கண்ணு நான் பார்த்ததில்ல. வாய்தான் இல்ல. மூணு மாசம் உங்க டீமோடவே கத்திக் கத்தி ஆடு. திரும்ப வரேன். வாய் வந்துட்டா வேலை உனக்கு."

"வேணாம் சார்" என்றான் எட்வர்ட்.

எனக்கு வந்த கோபத்தில் அவனை டீக்கடைக்கு இழுத்துப்போனேன். "பைத்தியமாடா உனக்கு? கத்துறதுக்கு இன்னா கேடு?"

"பாய், இன்னிக்கு சின்னதுரை யோசிக்காம ஓடுனான் பாரு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் கத்திக்கினே இருந்தா, மில்லுல கத்தும்போது நின்னு திரும்பிப் பார்ப்பான். வேலை கெடைச்சு நான் பூடுவேன். அவன் லோடுக்குக் கீழதான நிப்பான்?"

டீக்காசை நானே கொடுத்தேன். கோபம் மட்டும் போகவில்லை. ரோசம்மாள் அவனோடு பேசாமலே பல நாள் சோறு போட்டார். பூவராகவன் சார் அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவேயில்லை.

2009-இல் மில் கைமாறியது. புது முதலாளி சைரன் மாட்டினார். செத்தவனையும் எழுப்பும் சத்தம். இனி ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தினால் போதும், தொண்டைக்கு வேலையில்லை. அந்த வாரம் ஆரணியில் டோர்னமெண்ட். வேனில் ஏறும்போதே எட்வர்ட் சொன்னான்: "பாய், இன்னிக்குக் கத்தப்போறேன்."

கத்தினான். "பாய், உள்ள வா! அவன வுடு, அடுத்தவன புடி! சின்னதொர, நில்லு!" இத்தனை வருடம் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் முழுவதையும் அன்றைக்குத்தான் நாங்கள் காதால் கேட்டோம். எந்தப் பந்து எங்கே போகும் என்று அடிப்பதற்கு முன்பே சொன்னான். ஓடும்போதே எனக்கு அழுகை வந்தது, வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

மேட்ச் முடிந்ததும் சென்னை கிளப் ஒன்றுக்கு ஆள் பார்க்க வந்த ஒரு இளைஞர் என்னிடம் வந்தார். "யாரு சார் அந்த பேக்? வயசு இன்னா?"

"இருபத்திநாலு" என்று கூசாமல் புளுகினேன்.

அவர் எட்வர்டை நன்றாகப் பார்த்தார். முன் வழுக்கையோடு உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான், தொண்டை கட்டிப்போய் இருமிக்கொண்டு. அவர் என்னைக் கோபிக்கவில்லை.

"அஞ்சாறு வருஷம் முன்னாடி இவரு எங்க இருந்தாரு சார்?"

"இங்கதான் சார்" என்றேன்.