முறை வராதவர்களின் கூச்சல்

பொன்னேரியில் அரசியல் படித்துவிட்டுப் பழவேற்காட்டுக் கரையில் இறால் விற்கிறவள் நான். படிப்பில் மிஞ்சியது ஒரு கெட்ட பழக்கம். புதன்கிழமை சாயங்காலம் கைபேசியில் பிரிட்டன் நாடாளுமன்றம் பார்ப்பேன். எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து பிரதமரை வறுத்தெடுப்பார். பிரதமரோ கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, நீங்கள் ஆண்டபோது என்ன கிழித்தீர்கள் என்பார். வாக்கெடுப்பு என்று வந்தால் எதிர்க்கட்சி தோற்கும். அந்தத் தலைவருக்கு அரசாங்கமே தனிச் சம்பளம் தருகிறது, தன்னைத் திட்டுவதற்கு. ஒவ்வோர் அமைச்சருக்கும் எதிரே ஒரு நிழல் அமைச்சர் வேறு; கையெழுத்துப் போட முடியாது, முறைக்கலாம். பிறகு ஆட்சி மாறியது. கேள்வி கேட்டவர்கள் பதில் சொல்லும் பெஞ்சுக்கு வந்து அதே மழுப்பலை மழுப்பினார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் ஏரியில் வலை போடுவதற்குப் பாடு என்று முறை உண்டு. இன்று ஒரு கூட்டம், நாளை இன்னொரு கூட்டம். முறை இல்லாதவர்கள் கரையில் உட்கார்ந்து, இறங்கியவர்களின் வலையைக் குறை சொல்வார்கள். மறுநாள் அதே இடத்தில் அதே மாதிரி போடுவார்கள்.

என் வீட்டிலும் ஓர் எதிர்க்கட்சித் தலைவர் இருந்தார், என் கணவர். பெண்கள் மீன் விற்கும் இடத்துக்குக் கூரை வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் ஊர்த் தலைவரைத் துளைத்தெடுத்தார். வெயில் ஏறினால் எங்கள் இறால் நிறம் மாறிவிடும், கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். கூட்டத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. கூட்டம் நடக்கும் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்று அவர் பேச்சைக் கேட்டுப் பூரித்துப்போனேன். "பாக்கலாம்" என்றார் தலைவர்.

இந்த வருஷம் என் கணவரே தலைவர். கொஞ்ச நாள் பொறுத்துக் கேட்டேன்.

"இன்னாயா, கூரை இன்னா ஆச்சு?"

"பாக்கலாம். முன்ன இருந்தவன் எல்லாத்தயும் கெடுத்து வெச்சிட்டுப் பூட்டான்னு உனக்குத் தெரியாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய தலைவரோ இப்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, பெண்கள் வெயிலில் காய்கிறார்களே என்று உருகுகிறார்.

அடுத்த கூட்டத்தன்று காலையிலேயே மீன் விற்கும் பெண்கள் நாங்கள் எல்லோரும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய் வரிசையாக உட்கார்ந்து வியாபாரத்தைத் தொடங்கினோம். இரண்டு தலைவர்களும் வாசலில் நின்று, முதல்முறையாக ஒரே குரலில் கத்தினார்கள்.

"கூட்டத்த நாங்க எங்க நடத்தறது?" என்றார் என் கணவர்.

இறாலை எடை போட்டுக்கொண்டே வெளியே வெயிலைக் காட்டினேன்.

"அங்கதான். நாங்க நின்ன எடம் காலியாத்தான் கீது."