மலைகளுக்கு நடுவே ஒரு துறைமுகம்

"காத்தில உப்பில்லை, இம்மா. துறைமுகம் எண்டுறாங்கள். ஆனா காத்தில உப்பில்லை."

தொலைபேசியில் புருஷன் சந்தியோகு சொன்ன இந்த வார்த்தை இம்மாகுலேற்றை இருக்கவிடவில்லை. லண்டனில், லூயிஷாமில் ஒற்றை அறையில் குடியிருந்தவள் அவள். சான்ட்விச் தொழிற்சாலையில் ரொட்டி அடுக்கும்போதும் அதுவே காதில் கேட்டது. மன்னார்க் கடலில் வலை போட்டவன் அவன். காற்றைப் பற்றிப் பிழையாகச் சொல்லமாட்டான்.

பெண்களுக்கு வழி இலேசு என்று, ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் அவளை முதலில் லண்டனுக்கு அனுப்பினான். பின்னால் புறப்பட்ட சந்தியோகுவை உலகத்தைச் சுற்றிக் கொண்டுபோய், கரீபியன் கடலில், டொமினிக்கன் குடியரசில், ஒரு வீட்டுக்குள் இறக்கிவிட்டான். கூடவே இன்னும் சில தமிழ் ஆண்கள். புவர்ட்டோ பிளாட்டா என்ற துறைமுகம், அடுத்த கிழமை லண்டனுக்குக் கப்பல் என்றார்கள். அந்த அடுத்த கிழமை 1992 தை மாதம் தொடங்கி வைகாசி வரை வந்துகொண்டேயிருந்தது. பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். வெளியே தலைகாட்டினால் பொலிஸ் சுடும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போன் பேச விட்டார்கள். லண்டனில் இருக்கும் பெண்சாதிமார் வாயை மூடிக்கொண்டிருக்க அது போதுமாக இருந்தது.

"அந்தோனியாருக்கு நேர்த்தி வை, பிள்ளை," என்றாள் மாடியில் குடியிருந்த டொலறஸ். "காணாமப் போனதெல்லாம் அவர் எடுத்துத் தருவார்."

"இவர் காணாமப் போகேல்லை, அக்கா. ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

அவள் நூலகத்துக்குப் போனாள். மெழுகுதிரி கொளுத்தி ஒரு மலையும் நகர்ந்ததில்லை. மலை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் சுற்றிப் போகவாவது வழி தெரியும். ஞாயிறுதோறும் அவனிடம் கேட்டாள். சன்னலால் என்ன தெரியுது? என்ன மணக்குது? வடக்கிலும் மலை, தெற்கிலும் மலை என்றான். புகையிலை உலர்த்துகிற வாசம் வருகிறது என்றான். ஒரு குன்றும் அதன்மேல் உயரமான வெள்ளைக் கோபுரமும் தெரிகிறதென்றான்.

பயணிகளுக்கான வழிகாட்டி ஒன்றில் அந்தக் கோபுரம் படமாகவே இருந்தது. ஊர் சந்தியாகோ. கடலே இல்லாத ஊர். புவர்ட்டோ பிளாட்டா வடக்கு மலைக்கு அப்பால் இருந்தது. சந்தியாகோ ஒரு மாகாணத்தின் தலைநகர். யாக்கே ஆற்றங்கரையில், புகையிலைப் பள்ளத்தாக்கின் நடுவில். முப்பது ஸ்பானியப் பிரபுக்கள் குடியேறியதால் ஊர்ப் பெயரோடு 'பிரபுக்கள்' என்பதும் ஒட்டிக்கொண்டதாம். அவர்களுக்காக மண் கிண்டிச் செத்த பழங்குடிகளின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. 1562இல் பூமி அதிர்ந்து ஊர் தரைமட்டமானது. எழும்பி ஆற்றங்கரைக்கு வந்தது. 1863இல் ஸ்பெயினை விரட்டும் போரில் எரிந்தது, மறுபடி எழும்பியது. வெள்ளைக் கோபுரம் ஒரு சர்வாதிகாரி தன் புகழுக்கென்று கட்டிக்கொண்டது. அவனைச் சுட்டுக் கொன்றபின், அந்தப் போரில் நின்ற வீரர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். இதைப் படித்தபோது இம்மாகுலேற் நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

சந்தியாகோ என்றால் நம் புனிதர் சந்தியோகுமையோர்தான் என்று கேள்விப்பட்டதும் டொலறஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். "பாத்தியே! உன்ர புருஷன்ர பேர்கொண்ட அர்ச்சியசிட்டவற்ற ஊர். அவர் கைவிடமாட்டார்."

"நல்லாப் பாக்கிறார். அஞ்சு மாதமா வீட்டுக்குள்ள பூட்டியெல்லோ வைச்சிருக்கிறார்."

ஏஜென்ட்டின் லண்டன் ஆள் பரமேஸ்வரன், குட்மேய்ஸில் கடை வைத்திருந்தான். கோயில் விழா நோட்டீஸ்களில் அவன் பெயர் பெரிய எழுத்தில் வரும். இம்மாகுலேற் அவனுடைய வாழைக்காய்ப் பெட்டிமேல், நூலகத்தில் பிரதியெடுத்த வரைபடத்தை விரித்தாள்.

"அண்ணை, இந்த ஊருக்குக் கப்பல் எதால வரும்? ஆத்தாலயோ?"

அவன் குனிந்து பார்த்தான். கடையில் நின்றவர்களையும் பார்த்தான். "துறைமுகம் கிட்டத்தான், தங்கச்சி. மலைக்கு அங்கால. உமக்கேன் இந்த மேப் எல்லாம்? கொஞ்சம் பொறும்."

"ஊர்ப் பேரையே பொய் சொன்ன நீங்கள், கப்பலை மட்டும் உண்மையா விடுவியளோ?"

"வாயைக் கொடுத்துப் புருஷனைக் கெடுக்காதையும். அந்த வீட்டை விட்டு இறங்கினா எங்களுக்கும் அவருக்கும் ஒரு தொடர்புமில்லை."

ரயிலில் அவளால் உட்கார முடியவில்லை. வீட்டை விட்டு இறங்கச் சொல்லி, சந்தியோகுவுக்கு ஏதாவது நடந்துவிட்டால்? சொல்லாமல் விட்டால், அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை.

ஞாயிறு இரவு தொலைபேசி மணி அடித்தது.

"இஞ்சாருங்கோ, விடிய சூரியன் கோபுரத்துக்குப் பின்னாலயோ எழும்புது?"

"ஓம். ஏன்?"

"அப்ப நீங்கள் கோபுரத்துக்கு மேற்கில நிக்கிறியள். அது துறைமுகமில்லை. சந்தியாகோ எண்டு பெரிய பட்டினம். கோபுரத்தை முதுகுக்குப் பின்னால வைச்சு நேர நடவுங்கோ. ஒரு பூங்கா வரும். பக்கத்தில பெரிய கத்தோலிக்கக் கோயில். சாமியாரைப் பிடியுங்கோ."

"நீ எப்ப தொடக்கம் சாமியாரை நம்பினனீ?"

"கும்பிடப் போகச் சொல்லேல்லை. அவரிட்ட போன் இருக்கும். அகதி எண்டு சொல்லி என்ர நம்பரைக் குடுங்கோ."

"பாஸ்போட் இல்லாம எப்பிடி இம்மா..."

"பாஸ்போட் இல்லாதவன் வீட்டுக்குள்ள இருந்தாலும் இல்லாதவன்தான். காவலுக்கு நிக்கிறவன் எங்க?"

"சேவல் சண்டை பாக்கப் போட்டான்."

"கதவைப் பூட்டிக்கொண்டோ?"

அவள் சொன்ன வழியை மற்றவர்களுக்கும் சொல்லி, கதவைப் பற்றி அவன் விசாரிப்பது போனில் கேட்டது.

"தெரியாது," என்றான் பிறகு. "ஒருத்தரும் தள்ளிப் பாக்கேல்லை."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. காலடிகள். யாரோ "அண்ணை, வேண்டாம்" என்றார்கள். கீல் ஒன்று கிறீச்சிட்டது. உடனே மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல், எங்கோ பாடும் ஒரு வானொலி, ஏதோ விற்றுக்கொண்டு போகும் ஒரு பெண்ணின் கூவல் என்று ஒரு பட்டினம் முழுக்க லூயிஷாம் அறைக்குள் வந்து விழுந்தது. வெடிச்சத்தம் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வானொலிதான் பாடியது.

ரிசீவரை யாரோ எடுத்தார்கள். பழக்கமில்லாத ஆண் குரல்.

"அக்கா, அண்ணை மூலையால திரும்பிட்டார். ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை." அவன் மூச்சு வாங்கினான். "கோபுரம் முதுகுக்குப் பின்னால எண்டனீங்கள், என்ன?"