கண்ணுக்குள் குடியிருந்தவள்

எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச எனக்கு இந்த வயதிலும் வராது. காய் வாங்கப் போனால்கூடத் தராசைத்தான் பார்ப்பேன். பிறவிக் கூச்சம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. எட்டு வயதில் நான் தெருவில் உள்ள எல்லாருடைய கண்ணையும் உற்றுப் பார்த்துக்கொண்டு அலைந்தவள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. செங்கம் சாலையில் இருந்த எங்கள் வீட்டின் மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்த வருடம் வயதான ஓர் அம்மாள் தங்கியிருந்தார். பாதி நாள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். மீதி நேரத்தில் என்னைக் கூப்பிட்டு மூக்கு, காது என்று தொட்டுத் தொட்டு ஆங்கிலப் பெயர் சொல்லித் தருவார். நடுவில் நின்று புரியவைப்பது என் சித்தப்பா. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகை சைக்கிள் விட்டு விட்டே இங்கிலீஷ் பழகியவர் அவர்.

ஒரு நாள் கண்ணின் நடுக் கறுப்பைக் காட்டி "பியூபில்" என்றார் அந்த அம்மாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் அதுதானே பெயர் என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர்களுடைய பழைய மொழியில், பெற்றவர்கள் இல்லாமல் அடுத்தவர் பொறுப்பில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பெயராம். பிறகு அது மாணவனுக்கு ஆனது. அதே சொல்லுக்குச் சின்னப் பெண், பொம்மை என்றும் பொருளாம். ஒருவர் கண்ணை மிக அருகில் போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னப் பொம்மை தெரிகிறது அல்லவா, அதனால் கண்ணின் கறுப்புக்கும் அந்தப் பெயர் வந்ததாம்.

சித்தப்பா தொடையில் தட்டினார். "அட, நாமளும் கண்ணுப்பாவைன்னுதான சொல்றோம்! கடல் தாண்டியும் அதே பொம்மைதான் போல." அதோடு விட்டிருக்கலாம். என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஆனா அது அப்பா அம்மா இல்லாத பொம்மையாம் பாப்பா. எந்தக் கண்ணுல எடம் கெடைச்சாலும் பூந்துக்குமாம்."

முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த சித்தி எழுந்து உள்ளே போய்விட்டார். கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண்.

வெளிச்சம் பட்டால் அந்தக் கறுப்பு சுருங்கும் என்று கண்ணாடியில் காட்டினார் அந்த அம்மாள். பொம்மை கதவைச் சாத்திக்கொள்கிறது என்று நானாக முடிவுசெய்தேன். நம் ஆட்களின் கண்ணில் கறுப்பு எங்கே முடிகிறது என்று லேசில் தெரியாது. வெயிலில் நிறுத்தித்தான் பார்க்கவேண்டும். அப்பா, அம்மா, பால்காரர் என்று ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன். எல்லாருக்குள்ளும் நான் குட்டியாக நின்றேன். எல்லார் கதவும் சாத்திக்கொண்டது.

சித்தி மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஒரு நாள் கொடியில் துணி காயப்போடும்போது முன்னால் போய் நின்றேன். வலது கண் சுருங்கியது. இடது கண் சுருங்கவில்லை. அவ்வளவு வெயிலிலும் அதன் கறுப்பு அப்படியே திறந்து கிடந்தது. உள்ளே இருந்த நான் என்னையே பார்த்தேன்.

"போடி அந்தாண்ட," என்று சித்தி தள்ளிவிட்டார்.

அன்று மத்தியானம் அவர் ஒருக்களித்துத் தூங்கியபோது கிட்டே போனேன். மூச்சு சீராக வந்தது. இடது இமை மட்டும் பாதி திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து அந்தப் பொம்மைப் பெண் பார்த்தாள். நான் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். தூங்குகிறவருடைய கண்ணில் விழித்திருப்பது யார்?

மறுநாள் காலையில் பல் விளக்கப் பின்கட்டுக்கு ஓடினேன். தொட்டியடியில் சித்தி குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம். தண்ணீருக்குள் ஒரு கண் கிடந்தது. அது என்னைப் பார்த்தது.

கத்த வாயைத் திறந்தேன். சித்தி திரும்பினார். இடது இமை குழிந்து ஒட்டியிருந்தது. எட்டிப் பிடித்து என் வாயைப் பொத்தினார்.

"சின்னதுல முள்ளு குத்திச்சு, கண்ணையே எடுத்துட்டாங்க. இது பொய்க் கண்ணு. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கூட்டுல சொல்லல. உங்க சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை பஸ் ஏத்தி அனுப்பிடுவாரு. சொல்லாத பாப்பா. உன் காலப் புடிச்சுக்கறேன்."

பெரியவர் ஒருவர் என் காலைப் பிடிப்பதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். ஆனால் பயம் போகவில்லை, கூடியது. நிஜக் கண்ணில் இருப்பது சித்தியுடைய பொம்மை. பொய்க் கண்ணில் இருப்பது யாருடையது? அதுவும் என் முகத்தோடுதானே இருந்தது? இடம் கிடைத்தால் புகுந்துகொள்ளும் என்றாரே சித்தப்பா. அதன்பின் சித்தியின் இடது பக்கமாக நான் போவதே இல்லை. சுவரோடு ஒட்டிச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வருவேன்.

அடுத்த பௌர்ணமிக்கு விடியலில் குடும்பத்தோடு மலை சுற்றக் கிளம்பினோம். புது ஜோடியை முன்னால் விட்டு நாங்கள் பின்னால் நடந்தோம். முறைப்படி சித்தப்பாவுக்கு இடது பக்கம் சித்தி. அடி அண்ணாமலை தாண்டியதும் இடது ஓரத்தில் இளநீர் வண்டி ஒன்று நின்றது. அதன் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. சித்தி நேராக அதன்மேல் போனார். இடிக்க ஒரு சாண் இருக்கும்போது சித்தப்பா அவர் தோளைப் பற்றித் திருப்பினார். பிறகு சுற்றிவந்து சித்தியின் இடது பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

அத்தை விடுவாரா? "டேய், பொண்டாட்டிய எடது பக்கம் வுட்டு நடடா! சாமியே அம்மனுக்கு எடது பாதியத்தான் குடுத்தாரு. எல்லாரும் பாக்கறாங்க."

"சாமி ஒரே எடத்துல நிக்கறாருக்கா, அவருக்குச் சரி. நாங்க நடக்கறோம்ல."

"பொண்டாட்டி வந்ததும் வாய் வந்துடுச்சு பாரு," என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

சித்தப்பா திரும்பவும் பக்கம் மாறவில்லை. ஊர்வரை அவர் கை சித்தியின் இடது முழங்கையிலேயே இருந்தது. "கல்லு கெடக்குது, பாத்து வை," என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் வேர்த்துப்போய்ப் பின்னால் நடந்தேன். பாவம் சித்தப்பா, ஒன்றும் தெரியாமல் பொம்மை இருக்கிற அந்தப் பக்கமே போய் மாட்டிக்கொண்டாரே, யாராவது சொல்லி அவரை இந்தப் பக்கம் இழுக்க மாட்டார்களா என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.