மதாமின் பிரசவம்

மூன்று நாள் மழை விட்ட காலை, குளியலறைக் குழாயைத் திறந்ததும் ப்ளீச்சிங் பவுடர் வாடை முகத்தில் அடித்தது. மழைக்குப் பிறகு கொஞ்சம் தாராளமாகவே கலந்துவிடுவார்கள்; நல்லதுக்குத்தான். "கொஞ்ச நேரம் தொறந்து வுடுங்க, போயிடும்" என்றாள் மனைவி. நான் குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பதைத் தாண்டிய ஆள் தண்ணீர் வாடைக்கு நடுங்கி உட்கார்வது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அந்த வாடை வந்தால் எனக்கு அம்மா நினைவு வரும். அம்மாவுக்கும் முன்னால் ஒரு கறுப்பு மீனின் நினைவு வரும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. உப்பளம் என்ற பேட்டையில் இரண்டு அறை வாடகை வீடு. அம்மாவும் நானும் மட்டும். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். நான் ஒரு கூரியர் ஆபீசில் சேர்ந்த புதிது. அம்மா டவுனில் ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரர் வீட்டில் வெகுகாலம் சமையல் செய்தாள். அந்த வீட்டு அம்மாளை எல்லோரும் மதாம் என்றே கூப்பிடுவார்கள். கணவர் இறந்தபின் மதாம் மகனோடு பிரான்சுக்கே போய்விடுவதென்று முடிவானபோது, வீட்டுச் சாமானில் எது வேண்டுமென்று அம்மாவிடம் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் பீரோவைக் கேட்டிருப்பார்கள். அம்மா கேட்டது கூடத்திலிருந்த மீன்தொட்டியை. ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவாப்பா, மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டே வந்து இறங்கினாள்.

தொட்டியில் நாலைந்து கப்பி மீன்கள், ஒரு கறுப்பு மோலி. நான் மீனைக் குழம்பில் மட்டும் பார்த்துப் பழகியவன். இதெல்லாம் முட்டை போடாமல் குட்டி போடும் சாதி என்று அம்மா சொன்னபோது என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். மோலி எப்போதும் வயிறும் பிள்ளையுமாக, யாரையும் மதிக்காமல், நிதானமாகத் தொட்டியைச் சுற்றிவரும். "நடையப் பாரு, அப்டியே நம்ம மதாம்" என்று அம்மா சிரித்து, அதற்கு அந்தப் பேரையே வைத்துவிட்டாள். மதாமுக்குப் பிரசவம் நெருங்கி வயிறு சதுரமாகத் தெரிந்தால், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு அதில் அவளை எடுத்துவிடுவாள். குட்டிகள் ஓட்டை வழியே நழுவிக் கூடைக்கு அடியில் பொருத்திய கிண்ணத்தில் இறங்கிவிடும். தாய் பின்னால் போக முடியாது. போனால் தின்றுவிடும். பெற்றதையே தின்கிற பிராணியின் மீது அம்மாவுக்கு ஏன் இத்தனை பிரியம் என்று எனக்குப் புரிந்ததில்லை. "அதுக்கு எது புள்ள எது எரைன்னு தெரியாதுடா. நாமதான் பாத்துக்கணும்" என்பாள்.

பிறகு அம்மாவுக்குக் கால் வீங்கியது. முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அதைவிடக் கொடுமை தண்ணீர்க் கட்டுப்பாடு: ஒரு நாளைக்கு மூன்று தம்ளர், மோரும் மாத்திரைத் தண்ணீரும் அதற்குள்ளேயே. சித்திரை வெயிலில் நாக்கு உலர்ந்து, அம்மா தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நான் பார்த்துவிட்டால், "எனக்குத்தான் கெடையாது, அதுங்களாவது குடிக்கட்டும்" என்பாள். மீன் தண்ணீர் குடிக்குமா என்று அவளிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நோணாங்குப்பம் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டதென்று பேச்சு. அந்த மழையில் டயாலிசிஸ் ஒன்று தவறிப்போய், அம்மாவின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து உட்கார்த்தியே வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு நின்றுவிடும். இரண்டாம் நாள் காலை அவள் முகமூடியை விலக்கினாள்.

"மதாம் வயிறு... சதுரமாயிடுச்சு. பாத்தியா?"

"பேசாதம்மா. மூச்சப் பாரு."

"என் மூச்ச டாக்டர் பாத்துக்குவாரு. அதுக்கு யாருடா இருக்கா? போ... கூடையில எடுத்து வுடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கும்போது மீனா? ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நர்ஸம்மா, "போயிட்டு சட்டுனு வந்துடுங்க, நாங்க பாத்துக்குறோம்" என்றதும் கிளம்பினேன்.

வீட்டில் தொட்டித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ஒரு வாரமாக அம்மாவால் முடியவில்லை, நானோ அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. மதாம் ஒரு மூலையில் அடியில் அசையாமல் நின்றாள். கூடையை மிதக்கவிட்டு அவளை எடுத்துவிட்டேன். அதோடு போயிருக்கலாம். அம்மாவுக்கு ஒரு நல்லது செய்கிறேன் என்று, பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, குழாயிலிருந்து இரண்டு பக்கெட் பிடித்து ஊற்றினேன். அம்மா தண்ணீரை இரண்டு மூன்று நாள் பிடித்துவைத்துத்தான் ஊற்றுவாள். அதை எத்தனையோ முறை பார்த்தவன்தான் நான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கப்பிகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று சாய்ந்தது. அப்போதுதான் அந்த ப்ளீச்சிங் பவுடர் வாடை என் மூக்குக்கு எட்டியது. அதே நேரம் மதாம் ஒரு முறை சிலிர்த்தாள். கடுகு மாதிரி சுருண்ட ஒரு குட்டி வெளியே விழுந்து, விரிந்து, இரண்டு கண்ணோடு நீந்தியது. நான் ஊற்றிய விஷத்துக்குள்தான் நீந்தியது. பின்னாலேயே இன்னொன்று.

அம்மா மீன் தீனி வாங்கும் வண்ணமீன் கடை பாஸ்கர் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"கொழாத் தண்ணியா ஊத்துன? அய்யோ! புடிச்சி வெச்ச பழைய தண்ணி இருக்கா பாரு. உடனே அதுல மாத்து. ஒரு சிட்டிக கல்லுப்பு போடு."

எங்கள் வீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டு விஜயா அக்காவின் கதவைத் தட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் அக்கா, "அம்மாக்கு எதனா...?" என்று பதறினாள். மீன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, சொன்னேன். அக்கா மறுபேச்சில்லாமல், மழைக்கு முன்னால் குடிக்கப் பிடித்துவைத்திருந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். டீ வடிகட்டியால் குட்டிகளை ஒவ்வொன்றாக அள்ளினேன். அவசரத்தில் ஒன்று நழுவித் தரையில் விழுந்தது, தேடினேன், கிடைக்கவில்லை.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி.

"பேஷன்ட்டுக்கு ரொம்ப முடியல. ஐசியூக்கு மாத்துறோம். நீங்க உடனே வந்து கையெழுத்து போடணும்."

ஒரு கையில் வடிகட்டி, அதில் துள்ளும் இரண்டு உயிர். இன்னொரு கையில் போன். என்ன யோசனை இதில் என்று கேட்பீர்கள். யோசிக்கவில்லை, ஆனால் கால் நகரவில்லை. அந்த நொடியில் எனக்கு, இந்த இரண்டையும் கீழே போட்டால் அங்கே அம்மா போய்விடுவாள் என்று தோன்றிவிட்டது. விஜயா அக்காதான் வடிகட்டியைப் பிடுங்கிக்கொண்டு கத்தினாள்: "நீ போடா! இத நான் பாத்துக்குறேன். போ!"

ஈரச் சட்டையோடு கையெழுத்து போட்டேன். மை காகிதத்தில் பரவியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் பாதி பாதியாகச் சொன்னேன். அருள் நிறைந்த மரியேகூட நடுவில் மறந்துபோனது. நாலு மணி நேரம் இயந்திரம் அவள் உடம்பிலிருந்து நீரை இறைத்தது. சாயங்காலம் உள்ளே விட்டார்கள். அம்மா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது:

"எத்தினி குட்டி?"

"பதினொண்ணும்மா" என்றேன். எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

உண்மையில் பிழைத்தவை ஏழு. கப்பிகள் அத்தனையும் போயின. மதாம் குடத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சாய்ந்துவிட்டாளாம். பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் கிண்ணத்தருகே குனிந்து எண்ணினாள்.

"ஏழுதானே இருக்கு. மதாம் எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். தேம்பித் தேம்பிச் சொன்னேன், கூரியர் ஆபீசில் டை கட்டிக்கொண்டு போகிறவன். அம்மா திட்டவில்லை. "கஷ்டப்பட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லம்மா" என்றேன். அது நான் அவளிடம் சொன்ன இரண்டாவது பொய். முதலாவதைப் போலவே அதையும் அவள் கண்டுபிடித்திருப்பாள்.

அதற்குப் பிறகு நான்தான் பார்த்துக்கொண்டேன். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வைத்துத் தண்ணீரில் கசக்கி, ஊக்கு முனையால் தொட்டு விடுவேன். "போதும்டா, மிச்சம் வுட்டா தண்ணி நாறும்" என்று அம்மா நாற்காலியிலிருந்தே விரட்டுவாள். ஏழும் பெரிதாயின. அதில் இரண்டு, வயிறு கனத்து, சதுரமாகி, அம்மா பார்க்கப் பார்க்கவே குட்டி போட்டன. அடுத்த மாசியில், டயாலிசிஸுக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே அம்மா என் தோளில் சாய்ந்தாள், பிறகு நிமிரவே இல்லை.

வேலை சென்னைக்கு மாறியபோது மீன்களை விஜயா அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் அக்கா குடும்பம் உழவர்கரைக்குக் குடிபோய்விட்டது. பாஸ்கர் அண்ணன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். எங்கள் வீட்டை இடித்துவிட்டார்கள், கார் நிறுத்துகிறார்கள்.

இன்று குளியலறையிலிருந்து எழுந்துவந்து, அக்காவுக்கு போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு, "அக்கா, அம்மாவோட அந்த மீனுங்க என்னாச்சு?" என்று கேட்டேன்.

"எந்த மீனுப்பா?"

"நீங்க கொடத்துல காப்பாத்துனீங்களே..."

அக்கா நிஜமாகவே யோசித்தாள். "மீனு... மீனு..." என்று அவள் முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. பிறகு சங்கடத்தோடு சிரித்து, "ஞாபகம் இல்லியேப்பா. வயசாவுதில்ல?" என்றாள்.